பியூஸ் கட்டை

தையல் கம்பெனியில் தீப்பிடித்து மூன்று பேர் கருகிய மறுநாளே, முதலாளி பழியைத் தூக்கிச் செத்தவன் தலையில் கட்டிவிட்டார். இஸ்திரிப் பெட்டியை அணைக்காமல் விட்டது அயர்ன்காரர்தானாம். செத்தவனா எழுந்து வந்து மறுக்கப்போகிறான்? கூடச் செத்த இரண்டு பெண்களின் வீட்டாரும் நம்பிவிட்டார்கள். அயர்ன்காரரின் மனைவியைத் தெருவில் கண்டால் கதவைச் சாத்தினார்கள். அவள் மகளைப் பள்ளிக்கூடத்தில் கொலைகாரன் பெண் என்றே கூப்பிட்டார்கள்.

அதே கம்பெனியில் ஒன்பது வருஷம் பட்டன் தைத்த அந்த மனைவிக்கு உண்மை தெரியாதா? அங்கே ஒரு வழக்கம். வேலை முடிந்ததும் அயர்ன்காரர் தன் மேஜையின் பியூஸ் கட்டையைப் பிடுங்கி, முற்றத்துக்கு அப்பால் இருக்கிற ஆபீசில் குமாஸ்தாவிடம் ஒப்படைக்க வேண்டும். பீங்கான் கட்டை, நல்ல கனம். அடையாளத்துக்கு மகளின் நெயில் பாலிஷால் அதில் ஒரு சிவப்பு வட்டம் போட்டிருந்தார். குமாஸ்தா அதை இழுப்பறையில் வைத்துப் பூட்டுவார். கட்டை இழுப்பறையில் இருந்தால் இஸ்திரிப் பெட்டிக்குக் கரண்டே போயிருக்காது. அன்று அவள் கிளம்பும்போது அவர் கட்டையோடு முற்றத்தைத் தாண்டிப் போனார். அதைக் கொடுத்துவிட்டு, அந்தப் பெண்களுக்குத் துணி மடித்துக் கொடுக்கத் திரும்பிப் போய்த்தான் மாட்டிக்கொண்டார். பெண்டாட்டி சொன்னால் எவன் நம்புவான்?

ஆபீஸ் எரியவில்லை. போலீஸ் சீல் வைத்திருந்தது.

"அந்த இழுப்பறையத் திறந்து, கட்டை இருக்கான்னு மட்டும் பாருங்க" என்று பதினோரு நாள் ஸ்டேஷனுக்கு நடையாய் நடந்தாள். இன்ஸ்பெக்டர் நாளைக்கு வா, நாளைக்கு வா என்றே விரட்டினார்.

பன்னிரண்டாம் நாள் காலையில் போலீஸ் சீலை உடைத்துக்கொண்டு முதலாளியும் குமாஸ்தாவும் ஆபீசுக்குள் போனார்கள் என்று கேள்விப்பட்டாள். கட்டையை எடுத்து ஒளித்துவிட்டால்? லாரி ஓட்டுகிற தம்பி முந்தின நாள்தான் வெளியூரிலிருந்து வந்திருந்தான். அவனிடம் ஓடினாள்.

"ஆளுங்களக் கூட்டிட்டு வாடா. உன் மச்சான் தப்பு பண்ணலைங்கிறதுக்குச் சாட்சி அந்த இழுப்பறையிலதான் இருக்கு. கேட்ட உடைச்சாலும் பரவாயில்ல."

தம்பி இருநூறு பேரைத் திரட்டினான். பதினோரு நாள் அசையாத இரும்புக் கேட் பத்தே நிமிஷத்தில் சாய்ந்தது. வெட்கத்தை விட்டுச் சொன்னால், அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. இத்தனை நாள் கெஞ்சிய என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும் என்றுகூட நினைத்தாள்.

முதலாளி பின்வழியாகக் காரில் பறந்துவிட்டார். குமாஸ்தா மாட்டிக்கொண்டார். முற்றத்தில் எள் விழ இடமில்லை. கூட்டத்துக்குப் பின்னால் நின்ற அவளைப் பார்த்து அந்த மனிதர் கையெடுத்துக் கும்பிட்டார்.

"அம்மா, உங்க வீட்டுக்காரர் கட்டையக் குடுத்துட்டாரும்மா. நான் பயந்துட்டு வாயத் திறக்கல. இப்ப எங்க வேணாலும் வந்து சொல்றேன்."

"அவர விடுங்க, அவர்தான் சாட்சி" என்று இவள் தொண்டை கிழியக் கத்தினாள். யார் காதில் விழுந்தது? ஆபீசுக்குள் புகுந்தவர்கள் நாற்காலியையும் பைலையும் கண்மண் தெரியாமல் வெளியே வீசிக்கொண்டிருந்தார்கள். குமாஸ்தா கீழே விழுந்தார்.

இடித்துப் பிடித்துக்கொண்டு அவள் போய்ச் சேர்வதற்குள் அவருக்கு மூச்சு நின்றுவிட்டது. மண்டை பிளந்திருந்தது. காதோரம் ஒரு பீங்கான் கட்டை கிடந்தது. இரத்தத்தைத் துடைத்துப் பார்த்தாள். சிவப்பு வட்டம் இருந்தது.

தம்பி மூச்சிரைக்க ஓடி வந்தான்.

"நீ சொன்ன இழுப்பறைய உடைச்சேங்கா. ஒரு காகிதம்கூட இல்ல, வெறும் கட்டைங்கதான். ஆத்திரத்துல எடுத்து இவன் மேல எறிஞ்சேன். மச்சானுக்கு நியாயம் கிடைச்சிருச்சுக்கா."

அட பாவி. அவள் அவனைத் திட்டவில்லை. இழுப்பறை என்று சொன்னவள், உள்ளே இருப்பது என்ன என்று சொல்லித் தொலைக்கவில்லையே என்று தன்னைத்தான் சபித்துக்கொண்டாள்.

அதுவரை எட்டிப்பார்க்காத போலீஸ் வேன் இப்போது வந்துவிட்டது. கூட்டம் சிதறியது. அவள் கட்டையை இடுப்புத் துணிக்குள் செருகிக்கொண்டாள். செத்துப்போன இரண்டு பெண்களின் வீட்டாரும் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இன்ஸ்பெக்டர் பிணத்தைப் பார்த்தார், உடைந்த இழுப்பறையைப் பார்த்தார், அவளிடம் வந்தார்.

"இழுப்பறை, இழுப்பறைன்னு உயிரை எடுத்தியேம்மா. உன் புருஷன் கட்டை எங்க? இருந்தா இப்பவே காட்டு."

இடுப்பில் செருகிய கட்டையில் இரத்த ஈரம் இன்னும் காயவில்லை; பக்கத்தில் தம்பி நின்றான்.

"இல்லைங்க" என்றாள். "எங்க வீட்டுக்காரர் அன்னிக்குக் கட்டையக் குடுக்கவே இல்லைங்க."