பதினோராவது நிறுத்தம்

வடகோடிக் கடலோரச் சாலையில் முப்பத்தொரு வருஷம் பஸ் ஓட்டி ஓய்வுபெற்ற மனுஷனைக் கார் ஓட்டச் சொன்னது தன் தப்புதான் என்று தையல்காரிக்கு மூன்றாவது நிறுத்தத்திலேயே புரிந்துவிட்டது. மழை கொட்டோ கொட்டென்று கொட்டுகிறது. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் கிடுகிடு பள்ளத்தில் கடல். துறைமுகத்தில் மூன்று மணிக்குக் கப்பல். இவள் வீட்டுக்காரரோ ஆளில்லாத ஒவ்வொரு பஸ் நிறுத்தத்திலும் காரை ஓரங்கட்டி, பின்னால் ஒரு பார்வை பார்த்துவிட்டு, சாவகாசமாகக் கிளம்புகிறார்.

கப்பலில் போகிறவள் ஒரே மகள். வேலை இரண்டு வருஷத்துக்கு. முந்தாநாள் வாய்ச்சண்டையில், போனால் போனதுதான், இந்த வாசப்படியை மிதிக்காதே என்று இவள் சொல்லித் தொலைத்துவிட்டாள். பெண்ணும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு துறைமுகத்துத் தோழி வீட்டுக்குப் போய்விட்டாள். போனில் பேசலாமென்றால் இந்தப் பாறைகளுக்கு நடுவே சிக்னலாவது மண்ணாவது. நேரில் பார்த்து அந்த வார்த்தையைத் திரும்ப வாங்கிக்கொண்டால்தான் இவளுக்குத் தொண்டையில் சோறு இறங்கும்.

ஏழாவது நிறுத்தத்தில் அவர் கடிகாரத்தை வேறு பார்த்தார். இரண்டு நிமிஷம் முன்னதாக வந்துவிட்டோமாம். டிக்கெட் கிழிக்கிறது ஒன்றுதான் பாக்கி, அதையும் செய்யுங்கள் என்றாள் இவள். கை தன்னால் திரும்புகிறது, நான் என்ன செய்ய என்றார் அவர். பத்தாவதிலும் கார் நின்றதும் இவளுக்குப் பொறுமை போயே போய்விட்டது.

"இனிமே எங்கயாவது நிறுத்தினீங்கன்னா, நான் இறங்கி நடந்தே போயிடுவேன்."

பாறைமுனையில், பதினோராவது நிறுத்தத்தில், நிஜமாகவே ஓர் உருவம் நின்றது. தலையோடு மூடிய மழைக்கோட்டு, கையை வீசி வீசிக் காட்டியது. அவர் கால் பிரேக்குக்குப் போனது. போறவன் வர்றவனையெல்லாம் ஏற்ற இது பஸ் இல்லை என்று இவள் சீறினாள். கார் தேங்கிய தண்ணீரை வாரியடித்துக்கொண்டு பறந்தது. கைகாட்டிய ஆளை அவர் விட்டுவிட்டு வந்தது அதுதான் முதல் தடவை.

துறைமுகத்து கேட் பூட்டியிருந்தது. அலை ஆளுயரத்துக்கு எழும்புகிறது, கப்பல் நாளைக் காலைதான் என்றார் காவலாளி. மகளை விசாரித்ததும் அவருக்கு நினைவு வந்துவிட்டது.

"அந்தப் பொண்ணா? அம்மாவைப் பார்த்துட்டு வந்துடறேன்னு மீன் லாரியில ஏறி பாறைமுனை வரைக்கும் போச்சு. மழைக்கு பஸ் இங்க வராம அங்கயே திரும்பிடுதுல்ல."

கார் திரும்பியது.

பாறைமுனை நிறுத்தத்துப் பெஞ்சில் மகள் தலைமுதல் கால்வரை சேறாக உட்கார்ந்திருந்தாள். பின்சீட்டில் ஏறியதும் அப்பாவைத்தான் கேட்டாள்.

"என்னப்பா, நீங்களே நிறுத்தாம போயிட்டீங்க?"

கண்ணாடி மங்கல், சரியாகத் தெரியவில்லை என்று அவர் பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டார். அதைத்தான் இவளால் தாங்க முடியவில்லை.

"பொய் சொல்றாரு. நிறுத்தத்தான் பார்த்தாரு, நான்தான் விடல. வாசப்படி மிதிக்காதேன்னு சொன்னதும் நான்தான். ரெண்டுக்கும் என்னை மன்னிச்சிடும்மா."

மகள் ஈரக் கையை நீட்டி அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டாள், புடவை நனைந்தது.

வீடு திரும்பும் வழியில், பத்தாவது நிறுத்தத்தில் ஈ காக்கை இல்லை. அவர் தயங்கித் தயங்கி இவளைப் பார்த்தார். நிறுத்தித் தொலையுங்கள் என்றாள்.