சடை யானைப் படம்

தொலைக்காட்சிப் பெட்டிக்குப் பின்னால் கையை விட்டு வயரைச் செருகிக்கொண்டிருந்த ஜிபார், அப்பாவின் குரல் கேட்டுத் திரும்பினாள்.

"கபாரைக் கூட்டிட்டு வா."

"யாரை?"

"பக்கத்து வீட்டுக் கபாரைத்தான். படம் பாக்க வரச்சொல்லு."

இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று நரின் நகர ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பியதிலிருந்து அப்பா எசென்பாய் சாப்பாடு கேட்கவில்லை, மருந்து கேட்கவில்லை. கேட்டதெல்லாம் அந்தச் சடை யானைப் படம்தான். ஜிபார் தலைநகர் பிஷ்கெக்கிலிருந்து வரும்போது அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தாள். கபாரையும் கேட்பார் என்று அவள் நினைக்கவில்லை. இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்று இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது.

பேச்சு நிற்பதற்கு முந்தின வருஷக் கோடையில், சடை யானைகள் திரிந்த ஆதிகாலத்துக் கதையைப் படமெடுக்க ஒரு வெளிநாட்டு சினிமாக் கம்பெனி லாரி லாரியாக மேய்ச்சல் நிலத்தில் வந்து இறங்கியது. ரஷ்ய மொழி பேசத் தெரிந்த எசென்பாய்தான் வீடு வீடாகப் போய் ஆள் சேர்த்தார். ஊரே ஆதிமனிதர்களாக மாறியது. ஜிபாருக்கு அப்போது பத்து வயது. தோலாடை உடுத்திய அத்தைகள் பாறை மறைவில் தேநீர் குடித்ததும், முகத்தில் கரி பூசிய மாமாக்கள் குதிரைப்பால் கிண்ணத்தைக் கைமாற்றியதும், சிரித்தால் ஷாட் கெட்டுப்போகும் என்று பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு மேட்டில் உட்கார்ந்திருந்ததும் இன்னும் கண்ணில் நிற்கின்றன. அதுபோல் ஊர் ஒன்றாக இருந்ததை அதற்குப்பிறகு அவள் பார்த்ததில்லை.

ஆனால் அது குளிர்காலத் தீனிக்குப் புல் அறுத்துச் சேர்க்கும் மாதம். படப்பிடிப்பு முடிவதற்குள் மழை வந்துவிட்டது. அந்தக் குளிர்காலத்தில் கபாரின் ஆடுகளில் பாதிக்கு மேல் பட்டினியில் செத்தன. மறுவருஷம் படம் வந்தபோது பெண்கள் நல்ல சால்வையாக எடுத்துப் போர்த்திக்கொண்டார்கள். இரண்டு பஸ் பிடித்து எல்லோரும் நரினுக்குப் போனார்கள். யானைகள் பிளாஸ்டிக் பொம்மை போல இருந்தன. டவுன்காரர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். தியேட்டர் வாசலில் எல்லோர் முன்னாலும் கபார் கேட்டார்: "எசென்பாய், இதுக்காகவாடா என் ஆடுங்க செத்துச்சு?"

அதுதான் கடைசிப் பேச்சு.

கபார் கொல்லையில் வரட்டி அடுக்கிக்கொண்டிருந்தார்.

"மாமா, அப்பா உங்களைக் கூப்பிடுறாரு."

"எதுக்கு? மன்னிப்புக் கேக்கவா?"

"படம் பாக்க."

"எந்தப் படம்?"

அவர் இன்னும் நாலு வரட்டியை அடுக்கிவிட்டுக் கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டார்.

"அவனுக்குக் கொழுப்பு இன்னும் அடங்கல," என்றபடி வேலியைத் தாண்டினார்.

கம்பளித் தொப்பியைக்கூடக் கழற்றாமல் வாசலை ஒட்டியே உட்கார்ந்தார். இருவரும் நலம் விசாரித்துக்கொள்ளவில்லை. படம் ஓடியது.

"அந்த யானைக்கு வாலு ஒட்டவே இல்ல," என்றார் கபார், திரையைப் பார்த்தே.

"காத்து பலமா அடிச்சுச்சுடா அன்னைக்கு."

"அது சரி. ஆதிகாலத்துல அந்தக் கதாநாயகிப் பொண்ணுக்குப் புருவம் திருத்திவிட்டது யாரு?"

எசென்பாய் சிரித்தார். சிரிப்பு இருமலாக மாற, ஜிபார் அவர் தலையைத் தூக்கிப் பிடித்தாள். அதற்குள் திரையில் ஒரு வேடன் தந்தத்தில் மாட்டித் தூக்கி எறியப்பட்டான்.

"நீதானே?" என்றார் கபார். "அதுக்குள்ள செத்துட்டே."

"அதுக்கே நாள் பூரா விழவிட்டானுங்க."

"உன் பொண்டாட்டி எங்க?"

"மைராம் இதுல இல்ல. நாத்தம் புடிச்ச தோலெல்லாம் நான் உடுத்தமாட்டேன்னு வீட்டுலயே இருந்துட்டா." எசென்பாய் மூச்சு வாங்கினார். "அவ புத்திசாலி. இப்ப அவளும் இல்ல, எனக்குத்தான் பாக்க ஒண்ணுமில்ல. நீ பாரு. இப்ப வரும்."

பசியில் வாடிய கூட்டம் ஒன்று பனிமலையைக் கடந்தது. முன்னால் கதாநாயகன் வானத்தைப் பார்த்து வசனம் பேசிக்கொண்டிருந்தான். அவன் தோளுக்குப் பின்னால் மூட்டை சுமந்து போன ஒரு பெண் திரும்பிப் பார்த்தாள், யாரையோ பார்த்துச் சிரித்தாள், போய்விட்டாள்.

கபார் தொப்பியைக் கழற்றினார்.

அவருடைய மனைவி ஸூரா இறந்து வெகுகாலமாகிறது. அவள் படமென்று அந்த வீட்டில் இருந்தது அடையாள அட்டையில் உதட்டை இறுக்கிக்கொண்டிருக்கும் ஒரே ஒரு முகம்தான்.

"நிறுத்தும்மா."

ஜிபார் நிறுத்தினாள். முகம் மங்கலாகக் கலங்கி நின்றது.

"வேண்டாம், ஓடவிடு. நின்னா அவ மாதிரி இல்ல."

அவள் பின்னால் தள்ளி மறுபடி ஓடவிட்டாள். அந்தப் பெண் திரும்பினாள், சிரித்தாள், போனாள்.

"ஊரே பட்டினியில சாகுது, இவ சிரிக்கிறா," என்றார் எசென்பாய் கண்ணை மூடியபடி. "எடுத்தவனுக்கே தெரியல பாரு."

"என்னைப் பாத்துத்தான். பின்னால வந்தேன், என் தோல் செருப்பு கழண்டு சரிவுல உருண்டு போச்சு." கபாரின் குரல் இறங்கியது. "இன்னொரு தரம் போடும்மா."

எத்தனை தரம் போட்டாளோ, அவளுக்கே தெரியாது. எசென்பாய் தூங்கிவிட்டிருந்தார். கபார் எழுந்து வந்து, வெளியே நீட்டியிருந்த நண்பனின் பாதங்களின் மேல் போர்வையை இழுத்துவிட்டு, சொல்லிக்கொள்ளாமலே போனார்.

மறுநாள் விடிந்து பால் கறக்கும் நேரத்தில் எசென்பாயின் உயிர் பிரிந்தது.

உடலைக் கிடத்துவதற்காக முற்றத்தில் ஆட்டுரோமக் கம்பளிக் கூடாரம் எழுந்தது. உடலுக்கருகில் சுவரைப் பார்த்து உட்கார்ந்த பெண்கள் ஒப்பாரி வைத்தார்கள்; ஜிபாரும் வைத்தாள். வெளியே உறவுக்கார ஆண்கள் இடுப்பில் துணி கட்டி, கோலூன்றிக் குனிந்து நின்று, வருகிறவர்களைக் கண்டதும் கதறினார்கள். அந்த வரிசையில் ஒரு குரல் மட்டும் உறவில் சேராத குரலாகக் கேட்டது. தண்ணீர் எடுக்க வெளியே வந்தபோது அண்ணன் கூபத் அவளிடம் முணுமுணுத்தான்:

"கபார் எதுக்கு நம்ம வரிசையில நிக்கிறாரு? சொந்தமா பந்தமா?"

"நிக்கட்டும் அண்ணே."

மூன்றாம் நாள் அடக்கம் முடிந்து ஆண்கள் இடுகாட்டு மேட்டிலிருந்து இறங்கி வந்தார்கள். ஜிபார் வாசலில் நின்று ஒவ்வொருவர் கையிலும் செம்பிலிருந்து தண்ணீர் ஊற்றினாள். கபார் கடைசியாக வந்தார். நகக்கண்ணெல்லாம் மண்.

"பிஷ்கெக் போனா ஒரு வேலை பண்ணுவியா?" என்றார் கையைத் தேய்த்துக்கொண்டே. "படத்துல அவ வர்ற எடத்தை மட்டும் வெட்டி என் போன்ல போட்டுக் கொடு."

"சரி மாமா. முன்னால அந்த ஆளு வசனம் பேசிட்டே இருப்பானே, பரவாயில்லையா?"

"அவன் பாட்டுக்குப் பேசட்டும்."

செம்பு காலியாகிவிட்டது. அவர் கவனிக்கவில்லை, இரண்டு கைகளையும் நீட்டியபடியே நின்றிருந்தார். ஜிபார் செம்பை நிமிர்த்தாமல் அப்படியே சாய்த்துப் பிடித்திருந்தாள்.