சூப்பில் ஒரு பல்

தாழ்ப்பாளைப் போட்டாள். சரியாக விழுந்ததா என்று ஒருமுறை இழுத்துப் பார்த்தாள். பிறகு ஸ்டோர் ரூமின் வெங்காய மூட்டைகளுக்குப் பின்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, வாய்க்குள் இரண்டு விரலை விட்டு, மேல் வரிசைப் பல் மொத்தத்தையும் வெளியே இழுத்தாள்.

'ப்ளக்' என்றது.

பல வருடமாகக் கேட்டுப் பழகிய சத்தம். இன்னும் குமட்டுகிறது.

எச்சில் நூல் ஒன்று பல்செட்டிலிருந்து உதடு வரைக்கும் நீண்டு, தாடையில் ஒட்டிக்கொண்டது. துடைக்க நேரமில்லை. செட்டை உள்ளங்கையில் கவிழ்த்து, பல்பு வெளிச்சத்துக்குப் பிடித்து, கட்டைவிரல் நகத்தால் ஒவ்வொரு பல்லாகத் தொட்டுக்கொண்டே போனாள்.

வெளியே முதலாளியின் குரல் தகரத்தைக் கிழிப்பது போல் வந்தது. "ஒருத்தரும் வெளிய போகக் கூடாது! பின்பக்கக் கதவைச் சாத்து! எல்லாரும் வரிசையா நில்லுங்க!"

சற்று முன்புதான் ஹாலில், மூலை மேஜையில், ஒரு குடும்பத்துக்கு வைத்த பெரிய சூப் கிண்ணத்திலிருந்து கரண்டியோடு ஒரு பல் மேலே வந்திருந்தது. மனிதப் பல். முன் பல்.

கடைசிப் பல்லையும் தொட்டுவிட்டாள். நம்பிக்கையில்லாமல் முதலிலிருந்து ஆரம்பித்தாள். ஒன்றும் குறையவில்லை.

மூச்சு விட்டாள். அந்த மூச்சிலும் வெங்காய வாடை.

அவள் பயந்ததற்குக் காரணம் இருந்தது. அந்த ஹோட்டலில் சூப் என்றால் அவள்தான். முதலாளியிலிருந்து காய்கறி கொண்டுவந்து போடுகிற வண்டிக்காரன் வரை எல்லோருக்கும் அவள் 'சூப் அக்கா'. பல்செட் என்பது வெறும் பல் இல்லை. அதன் தகடு மேல் அண்ணத்தை முழுசாக மூடிக்கொள்ளும். உப்பும் உறைக்காது, சூடும் தெரியாது. அதனால் அவள் தினமும் செய்கிற திருட்டு வேலை ஒன்று உண்டு. யாரும் பார்க்காத நேரம் பார்த்து, அடுப்புக்கு முதுகைக் காட்டி, செட்டைக் கழற்றி ஏப்ரன் பையில் போட்டுக்கொண்டு, ஒரு கரண்டி சூப்பை வாயில் விட்டு ருசி பார்ப்பாள். இன்றும் பார்த்தாள். அவசரத்தில், அண்டாவின் மேலேயே குனிந்தபடி.

ஈறு அழுகி, ஒவ்வொன்றாக ஆடி, நாற்பது வயதாகுமுன் மேல் வரிசை மொத்தமும் போனது. கட்டின புருஷன் அன்று சொன்ன முதல் வார்த்தை, "வெளிய சொல்லித் தொலைக்காதே, அசிங்கம்." இரவில் கழற்றி வைக்கச் சொன்னார் டாக்டர். கழற்றினால் அவன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறான். அதனால் அதோடேயே தூங்குகிறாள். காலையில் வாய் செத்த எலி மாதிரி நாறும். அவளுக்கே அவளைப் பிடிக்காது.

செட்டை உள்ளே தள்ளி அழுத்தினாள். கதவைத் திறந்தாள்.

சமையலறையில் எல்லோரும் பாத்திரம் கழுவும் தொட்டியிலிருந்து அடுப்பு வரை வரிசையாக நின்றிருந்தார்கள். முதலாளி செல்போன் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு வாயாக எட்டிப் பார்த்துக்கொண்டு வந்தார். மாட்டுச் சந்தை கெட்டது.

"ஆ காட்டு. பெருசா! என்னடா இது, வாயா குப்பை மேடா? நேத்து தின்ன கீரை இன்னும் அப்படியே இருக்கு."

"இன்னிக்குத் தின்னது முதலாளி" என்றான் காய் வெட்டுகிறவன்.

"வாயை மூடு."

"நீங்கதானே திறக்கச் சொன்னீங்க?"

அடுத்து சர்வர். மஞ்சள் ஏறிய பல், ஓரத்தில் புகையிலைக் கறை. முதலாளி மூக்கைப் பொத்திக்கொண்டு நகர்ந்தார். அடுத்து சூப் அக்கா. வாயைத் திறந்தாள். டார்ச் வெளிச்சம் உள்ளே அலைந்தது. நாக்கு உலர்ந்து அண்ணத் தகட்டில் ஒட்டிக்கொண்டது.

"பாருங்கடா!" என்று திரும்பினார் முதலாளி. "அக்கா வாயைப் பாருங்க. முத்து கோத்த மாதிரி. வாய்னா இப்படி இருக்கணும்."

அவள் வாயை மூடினாள். தப்பித்தாகிவிட்டது. அந்தப் பாராட்டு தொண்டையில் கசந்தது.

கடைசியாகப் பாத்திரம் கழுவுகிறவள். 'சிரிப்பு' என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். எதற்கெடுத்தாலும் சிரிப்பாள், சிரித்தால் முன்பக்கம் ஒரு ஓட்டை தெரியும். வாயைத் திறக்கச் சொல்லவே வேண்டியிருக்கவில்லை.

"ஆளு சிக்கியாச்சு" என்றார் முதலாளி.

"ஐயோ முதலாளி! இது போய் ரெண்டு வருஷம் ஆச்சு. இங்க இருக்கிற எல்லாருக்கும் தெரியுமே!"

"அப்போ இது சூப்புக்குள்ள தானா முளைச்சுதா?"

கதவருகில் கோட்டுப் போட்ட பெரியவர் ஒருவர், ஒரு சின்னத் தட்டைக் கையை நீட்டித் தள்ளிப் பிடித்தபடி நின்றார். மூலை மேஜைக் குடும்பத்தின் தலைவர். தட்டில் அந்தப் பல்.

"இதோ பாருங்க" என்றார். "கல்யாணமாகி மருமக வந்து முத தடவை வெளிய கூட்டிட்டு வந்திருக்கோம். அந்தப் பொண்ணுதான் எல்லாருக்கும் தன் கையால சூப் ஊத்திச்சு. ரெண்டாவது தடவை நான் கரண்டியை விட்டா, இது வருது! இதைப் பார்த்ததும் ஓடினவ இன்னும் பாத்ரூம்ல வாந்தி எடுத்துட்டிருக்கா. யாரு பல்லோ அந்த ஆளு இப்பவே இங்கேருந்து போகணும். இல்லேன்னா சுகாதார ஆபீசுக்குப் போன் போடறேன்."

"போயிடுவா சார். இப்பவே போயிடுவா." முதலாளி சிரிப்பின் பக்கம் திரும்பினார். "மாடி ரூமைக் காலி பண்ணு. உன் பொண்ணையும் கூட்டிட்டுக் கிளம்பு."

சிரிப்பின் முகத்தில் சிரிப்பு எப்படி இல்லாமல் போகும் என்று அன்றைக்குத்தான் எல்லோரும் பார்த்தார்கள். சோப்பு நுரை வழிகிற கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "எங்க போவேன் முதலாளி? என் பல்லு இல்ல... சத்தியமா என் பல்லு இல்ல..."

சூப் அக்கா தட்டைப் பார்த்தாள். சூப்பின் எண்ணெய்ப் பிசுக்கு மினுங்க, பல் மல்லாந்து கிடந்தது. வேர் இல்லை. பின்பக்கம் ஓரத்தில் துளி ரோஸ் நிறம்.

அவளுக்கு அந்த ரோஸ் நிறம் தெரியும். தினமும் பிரஷ் போட்டுத் தேய்க்கிற நிறம்.

சும்மா இருந்தால் போதும். வாய் சோதனை முடிந்துவிட்டது. சர்டிபிகேட்டும் கிடைத்துவிட்டது. ஆனால் எதிரே ஒருத்தி நுரைக் கையால் வாயைப் பொத்திக்கொண்டு நிற்கிறாள். முத்துப் பல்லைக் கடித்துக்கொண்டு அதை வேடிக்கை பார்ப்பதா? த்தூ. இவ்வளவு நாள் பல்லில்லாத வாயைத்தான் அருவருப்பு என்று நினைத்திருந்தாள்.

"முதலாளி, அது சிரிப்பு பல்லு இல்ல."

"நீ சும்மா இரு அக்கா."

"அது நிஜப் பல்லே இல்ல. கட்டுற பல்லு. பின்னாடி ரோஸ் கலர் பாருங்க."

பெரியவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு உற்றுப் பார்த்தார். "ச்சே! பொய்ப் பல்லா? இது அதை விடக் கேவலம்."

"பொய்ப் பல்லா?" சர்வர் சிரித்தான். "நம்மள்ல யாருடா அந்தக் கிழவி?"

"நான்தான்" என்றாள் சூப் அக்கா.

'ப்ளக்.'

மேல் உதடு உள்ளே மடிந்து, மூக்கு கீழே இறங்கி, ஒரே நொடியில் அவளுக்குப் பதினைந்து வயது கூடிவிட்டது. காய் வெட்டுகிறவன் "உவ்வே" என்று திரும்பிக்கொண்டான். பெரியவர் கைக்குட்டையைத் தேடினார். முதலாளி இரண்டு அடி பின்னால் போய் மாவு டின்னில் இடித்துக்கொண்டார்.

"ச்சீ! இதைப் போட்டுக்கிட்டா என் சூப்பை ருசி பார்த்தே?"

"இல்ல முதலாளி. கழட்டி வச்சுட்டுத்தான் பார்த்தேன்." வார்த்தைகள் காற்றோடு கலந்து வழவழத்தன. அவள் நிறுத்தவில்லை. "போட்டிருந்தா உப்பு தெரியாது."

"ஐயய்யோ, தினமும் நான் அதைத்தானே குடிக்கிறேன்!" என்றான் சர்வர்.

"குடிச்சே இல்ல? ரெண்டு கிண்ணம் குடிச்சே இல்ல? செத்தா போயிட்டே?" அவனை விட்டு முதலாளியிடம் வந்தாள். "கண்ணு மங்குச்சுன்னு கண்ணாடி போட்டிருக்கீங்க. கழட்டி, வாயால ஊதி, சட்டையில துடைச்சு, என் முன்னாடியே மாட்டறீங்க. நான் என்னிக்காவது ச்சீன்னு சொன்னேனா? எண்ணிப் பாருங்க. என்னோடதுல ஒண்ணும் குறையல."

செட்டை நீட்டினாள். முதலாளி கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். யாரும் அசையவில்லை. ஈரமான ரோஸ் தகடு எல்லோர் முன்னாலும் மினுமினுத்தது.

சிரிப்புதான் முன்னால் வந்தாள். நுரையைப் பாவாடையில் துடைத்துவிட்டு, செட்டை இரண்டு கையாலும் வாங்கி, ஒவ்வொரு பல்லாகத் தொட்டுப் பார்த்தாள்.

"எல்லாம் இருக்கு முதலாளி. கெட்டியா இருக்கு." செட்டை அக்கா கையில் திருப்பி வைத்தாள்.

"அப்போ இது யாரோடது?" என்றார் பெரியவர்.

முதலாளி அவர் தோளில் கை போட்டு, பில் வேண்டாம் சார், ஐஸ்க்ரீம் நம்ம கணக்கு சார் என்று ஹாலுக்குத் தள்ளிக்கொண்டு போனார். திரும்பி வந்தபோது முகம் கடுகடுவென்று இருந்தது.

"சிரிப்பு, நீ வேலையைப் பாரு. அக்கா, நீ நாளையிலேருந்து வெங்காயம் உரி. அடுப்புப் பக்கம் வராதே."

"சரி. சூப்பை யாரு பார்ப்பா?"

"நான் பார்ப்பேன்."

கரண்டியை அவர் கையில் கொடுத்தாள். அவர் ஒரு வாய் குடித்துவிட்டு யோசித்தார். இன்னொரு வாய் குடித்துவிட்டு இன்னும் யோசித்தார். ஹாலிலிருந்து சர்வர் கத்தினான். "மூணாம் நம்பர் சூப்பு! ஏழாம் நம்பர் சூப்பு! அக்கா, சீக்கிரம்! அங்க வயித்துப் பசி, யாருக்கும் பல்லைப் பத்திக் கவலையில்ல!"

முதலாளி கரண்டியைப் பார்த்தார், அண்டாவைப் பார்த்தார். அவள் வாயை மட்டும் பார்க்கவில்லை.

"உப்பு போடணுமா வேண்டாமா?"

அவள் செட்டை மாட்டாமலே ஒரு கரண்டி குடித்தாள். எல்லோர் முன்னாலும். "போடணும்."

"போட்டுத் தொலை" என்று சொல்லிவிட்டு அவர் வெளியே போனார்.

அவள் உப்பைப் போட்டாள், கலக்கினாள். பிறகு நடுச் சமையலறைக் குழாயில் செட்டைக் கழுவினாள். ஸ்டோர் ரூமுக்குப் போகவில்லை. காய் வெட்டுகிறவன் முகத்தைச் சுளித்தான். ஆனாலும் குழாயை விட்டு நகர்ந்து இடம் கொடுத்தான். சிரிப்பு அந்தச் சின்னத் தட்டை மூக்கைச் சுளித்தபடி எடுத்து, எச்சில் தொட்டியில் கவிழ்த்தாள்.

பின்பக்கக் கதவு தட்டப்பட்டது.

திறந்தால், ஒரு சின்னப் பெண். புதுப் புடவை, கண்ணெல்லாம் சிவப்பு, வாயில் இறுகப் பொத்திய கைக்குட்டை. மூலை மேஜை மருமகள்.

"இன்னும் வாந்தி நிக்கலையாம்மா?" என்றாள் சூப் அக்கா. "தண்ணி தரட்டுமா?"

வேண்டாம் என்று அவள் தலையை ஆட்டினாள். ஒருமுறை பின்னால் திரும்பி, சந்து முனையில் வீட்டார் காத்திருக்கும் காரைப் பார்த்தாள். உள்ளே வந்தாள். தொட்டியருகே சிரிப்பு இன்னும் கையில் பிடித்திருந்த காலித் தட்டைப் பார்த்தாள். எச்சில் தொட்டியருகே போய், வளையலை முழங்கை வரை ஏற்றிவிட்டுக்கொண்டு குனிந்தாள். பழைய சூப்பும் எலும்பும் ரொட்டியும் ஊறிக் கிடந்த அந்தக் கூழுக்குள் கையை விட்டாள்.

"ஐயே! என்னம்மா பண்றே?"

துழாவுவதை நிறுத்தாமலே அவள் கைக்குட்டையை வாயிலிருந்து எடுத்தாள்.

"அவங்க வீட்ல தெரியாதுக்கா" என்றாள். "அது என் பல்லு."