ஆறாத காலும் ஆறிய காலும்

மீன் சந்தையில் பதினைந்து வருடமாக மீன் வெட்டுகிறவள் அவள். குடல், செதில், அழுகல் எதற்கும் மூக்கைப் பொத்திப் பழக்கமில்லை. ராணுவ மருத்துவ ஆராய்ச்சி மையத்தில் தம்பிக்குத் துணையாக இருந்த நாட்களில் அவன் காலிலிருந்து வந்த வாடையும் அவளை ஒன்றும் செய்யவில்லை. வயிற்றைப் புரட்டியது வேறு.

சிப்பாயான தம்பியின் இடது கால் கண்ணிவெடியில் கிழிந்திருந்தது. அதை வெட்டாமலே ஆற்றிவிடலாம் என்று தன் ஆராய்ச்சியில் உருவான ஒரு புது மருந்துப் பட்டையை ஒட்டினார் பெரிய டாக்டர். காயத்தின் மேல் ஒட்டினால் போதும், சதை தானே வளருமாம். வளர்ந்தது சீழ்தான். "பட்டை வேலை செய்யுதும்மா, பொறுமையா இருங்க," என்பார் ஒவ்வொரு முறையும், கட்டைப் பிரித்துக்கூடப் பார்க்காமல்.

படைத்தலைவர் பார்வையிட வருகிறார் என்றதும் மையம் தலைகீழானது. சுவருக்கு வெள்ளையடித்தார்கள், வார்டு முழுக்க வாசனைத் திரவியம் தெளித்தார்கள். வருகிற நாள் காலையில் இரண்டு பணியாளர்கள் தம்பியைச் சக்கர நாற்காலியில் ஏற்றிச் சலவை அறையில் கொண்டுபோய் விட்டார்கள். ரத்தக் கறை படிந்த படுக்கை விரிப்புகள் குவிந்து கிடந்த அறை அது. அவனைப் போலவே புண் ஆறாத இன்னும் இரண்டு பேர் அங்கே ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார்கள்.

"எதுக்குய்யா இங்க?" என்றாள்.

"கொஞ்ச நேரந்தாம்மா. வாடை வருதுல்ல," என்று சொல்லிவிட்டு ஒருவன் கதவைச் சாத்தினான்.

தம்பிக்குக் காய்ச்சல் கொதித்தது. "அக்கா, தண்ணி," என்றான். தண்ணீர் பாட்டில் கட்டிலுக்குப் பக்கத்திலேயே இருந்துவிட்டது. எடுக்கப் போனவள் வார்டு வாசலில் அப்படியே நின்றாள்.

தம்பியின் கட்டிலில் மையத்தின் ஆம்புலன்ஸ் டிரைவர் படுத்திருந்தார். தினமும் அவளிடம் சிரிக்கச் சிரிக்கப் பேசுகிற மனுஷன். இடது காலில் மெல்லிய கட்டு. தலைமாட்டில் தம்பியின் பெயர் அட்டை. அவளைக் கண்டதும் டிரைவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

அதற்குள் படைத்தலைவரும் பரிவாரமும் உள்ளே வந்துவிட்டார்கள். பெரிய டாக்டர் டிரைவரின் கட்டைப் பிரித்தார். உள்ளே தழும்பே இல்லாத, நல்ல கொழுகொழு கால்.

"பாருங்க சார், நாலே வாரம்! தழும்புகூட இல்ல!"

"அட, பிரமாதம்!" என்றார் படைத்தலைவர். கேமராக்கள் மின்னின.

அவள் தண்ணீரை மறந்து சலவை அறைக்கு ஓடினாள். தம்பியின் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு நேரே கூட்டத்துக்குள் நுழைந்தாள்.

"ஐயா, இந்தக் கட்டில் இவனோடது. அந்தப் பேரும் இவனோடது. காலை இங்க பாருங்க!"

தெளித்திருந்த வாசனையையெல்லாம் தூக்கிச் சாப்பிட்டது சீழ் வாடை. படைத்தலைவர் கைக்குட்டையால் மூக்கை மூடினார். "இவங்க கொஞ்சம் மனசு சரியில்லாதவங்க சார்," என்று பெரிய டாக்டர் குழைந்தார்.

டிரைவருக்குப் பொறுக்கவில்லை. காலில் தொங்கிய கட்டை உருவி எறிந்துவிட்டுத் துள்ளி இறங்கி இரண்டு காலிலும் நின்றார். "சார், நான் இங்க வண்டி ஓட்டுறவன். எனக்கு ஒரு காயமும்..."

அவர் முடிப்பதற்குள் பெரிய டாக்டர் கையைத் தட்டினார். "பாருங்க, தானாவே எழுந்து நிக்கிறார்!"

கூட்டமே கைதட்டியது. படைத்தலைவரும் தட்டினார். அவர் காதில் டிரைவரின் வார்த்தை விழாமல் இல்லை; விழுந்ததை அவர் முகமே சொன்னது. போகிற போக்கில் தம்பியின் தோளை இரண்டு விரலால் தொட்டார். ஒரு படம் எடுத்தார்கள். வாசலைத் தாண்டும் முன்பே உதவியாளர் அவர் உள்ளங்கையில் கிருமிநாசினியைப் பீய்ச்சினான்.

அவள் ஜன்னலோரக் கைகழுவும் தொட்டியில் குனிந்து வாந்தி எடுத்தாள்.

"வாம்மா," என்றார் டிரைவர். "வெளி ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம். வண்டி நான் எடுக்கிறேன்."

"உங்க வேலை போயிடுமேண்ணே."

"போகட்டும். படுத்துக் கிடந்தேன் பாரு, அதை நெனைச்சா என் உடம்பே எனக்குக் கூசுது."

அரசு ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டரம்மா கட்டைப் பிரித்ததும் உதட்டைக் கடித்துக்கொண்டாள். பட்டைக்கு அடியில் எலும்பு வரை அழுகியிருந்தது. "முழங்காலுக்குக் கீழ எடுத்தாகணும். இன்னும் விட்டா உயிருக்கே ஆபத்து," என்றாள். தம்பி அக்காவின் கையை இறுக்கிப் பிடித்தபடி தலையாட்டினான். அன்று மாலையே காலை எடுத்தார்கள். காய்ச்சல் இறங்கியது, ஆள் பிழைத்தான். டிரைவரை மறுநாளே வேலையைவிட்டு நிறுத்தினார்கள்.

சில நாள் கழித்து மையத்திலிருந்து ஃபோன் வந்தது. யாரோ ஒரு உதவி டாக்டர், தேன் ஒழுகப் பேசினான்.

"வெட்டி எடுத்த காலைப் பத்திரமா வெச்சிருக்காங்களாம்மா? எங்களுக்குக் கொடுத்தா ஆராய்ச்சிக்கு ரொம்ப உதவியா இருக்கும்."

"காலைக் கேக்கத் தெரியுது. ஆளு எப்படி இருக்கான்னு கேக்கத் தோணலையா?"

அந்தப் பக்கம் இணைப்பு அறுந்தது.

"யாருக்கா?" என்றான் தம்பி.

மறைக்காமல் சொன்னாள். அவன் திரும்பிப் படுத்து, பசிக்கிறது என்றான். அவனுக்கு ஊட்டிவிட்டாள். அவளுக்குத்தான் அன்று முழுக்க ஒரு வாய் சோறு இறங்கவில்லை.