சுத்தமான பேட்ஜ்

1

நெருப்பைக் கண்டுபிடித்த பிறகு மனித குலம் செய்த மகத்தான காரியம் அணுவைப் பிளந்ததுதான். அந்தப் பெருமையில் கடலூருக்கும் ஒரு பங்கு உண்டு.

இந்தப் பேச்சு என்னுடையது அல்ல. 1968இல் சிதம்பரத்தில் நடந்த ஒரு பாராட்டுக் கூட்டத்தில் ஓய்வுபெற்ற ஓவர்சியர் கோவிந்தசாமி பேசியது. கேட்டவர்கள் பதினோரு பேர். அதில் நாலு பேர் பந்தல்காரர்கள். நான் மழைக்கு ஒதுங்கிய ஆள். இந்தக் கதை அங்கேதான் என்மேல் ஒட்டிக்கொண்டது.

பாராட்டப்பட்டவன் கடலூர் முதுநகர் ஹிதாயத்துல்லா. சீமையில் ஓர் அணு மின் நிலையத்தில் குழாய் பிட்டர்; லீவில் வந்திருந்தான். அவன் எதையும் பிளக்கவில்லை. ஒழுகிய குழாய்களில் போல்ட்டு முடுக்கினான். மீதியைப் பிறகு அவனோடு பழகி, கொஞ்சம் கொஞ்சமாகப் பிடுங்கினேன்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'உலையின் அடிவயிற்றில் ஒரு ராட்சதக் குழாய் பாம்பாகச் சீறி…'

அடித்துவிட்டேன். அது சீறவில்லையாம். "நம்ம வூட்டுக் கொல்லக் கொழா மாதிரிதான் சொட்டுச்சு," என்றான்.

[சொட்டிய தண்ணீர் உலைக்குள் போய்வந்த தண்ணீர். அதன் பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத கதிர் ஜாஸ்தி. அதனால் ஓர் ஆளுக்கு ஒரு முறைக்கு நாலு நிமிஷம்தான். மணி அடித்தால், திருகு பாதியில் நின்றாலும், ஸ்பானரை அடுத்தவன் கையில் கொடுத்துவிட்டு வெளியே வந்துவிட வேண்டும். மார்பில் குத்திய பேட்ஜுக்குள் ஒரு துண்டு பிலிம் இருக்கும். மாதாமாதம் அதைக் கழுவிப் பார்ப்பார்கள். கதிர் பட்டுக் கறுத்திருந்தால் அந்த ஆள் கொஞ்ச நாள் உள்ளே போகக் கூடாது.]

முதல் நாள் பேட்ஜைக் கொடுக்கும்போது, அங்கே மொழிபெயர்ப்பாளராக இருந்த காரைக்கால் தேவசகாயம், "இது ஒன் உசுரு மாதிரி. கெட்டுப்போவாம பாத்துக்க," என்றார். ஹிதாயத்துல்லா பார்த்துக்கொண்டான். தண்ணீர் சொட்டுகிற இடத்துக்கு உயிரை யாராவது கொண்டுபோவார்களா? கைக்குட்டையில் சுற்றி, டிபன் டப்பாவில் போட்டு மூடி, வெளியே வைத்துவிட்டு உள்ளே போனான்.

பிலிம் துளியும் கறுக்கவில்லை. என்ன வேகமான கை என்று அதிகாரிகள் வியந்தார்கள். எதிர்பாராமல் எங்கே ஒழுகினாலும் அவனையே அனுப்பினார்கள். ஒரே நாளில் மூன்று முறைகூட. ஒரு சான்றிதழும் கொடுத்தார்கள். கோவிந்தசாமி மேடையில் தூக்கிக் காட்டியது அதைத்தான்.

3

எட்டாவது மாதம் தேவசகாயம் தற்செயலாக டப்பாவைப் பார்த்துவிட்டார். அப்போது அவர் முகம்

(இதை முடிக்க எனக்குத் தெரியவில்லை.)

அந்த பிலிம் அளப்பது இவன் உடம்பில் படும் கதிரைத்தான் என்ற விவரத்தைச் சொல்லிவிட்டு, "யார்கிட்டயும் மூச்சு வுடாத. ஒன் வேலயும் போவும், என் வேலயும் போவும்," என்றாராம். மறுநாளும் பேட்ஜ் டப்பாவுக்குள்தான் போயிற்று. திடீரென்று கறுத்தால் கேள்வி வருமே!

இந்த இடத்தில் எனக்கு அவன்மேல் சந்தேகம் வந்தது. தெரிந்துமா ஒருவன் இப்படிச் செய்வான்? அவனைத் தைரியசாலியாக்கி ஒரு பிரதி எழுதிப் பார்த்தேன். இரவல் சட்டை மாதிரி தொளதொளவென்று நின்றான்.

4

கூட்டத்தில் முன்வரிசையில் கைதட்டியவன் ஹபிபுல்லா. ஹிதாயத்துல்லாவின் மனைவி ஜெய்னபுக்குத் தம்பி. மச்சானின் சிபாரிசில் அதே நிலையத்தில் அவனுக்கும் அதே வேலை. நாலு நாளில் பயணம். திரும்பும் பஸ்ஸில் இருவரும் அருகருகே உட்கார்ந்திருந்தார்கள்.

"மச்சான், அந்த பேட்ஜு கறுக்காம இருக்க என்னா பண்ணுவீங்க? அத மட்டும் சொல்லிக் குடுங்க."

"கறுத்தா கறுக்கட்டும்டா."

"ஆமா, நீங்க சால்வ போத்திக்குவீங்க, நான் கறுத்துப்போயி மூலைல குந்தணுமா? அக்கா சிரிக்கும்."

"சிரிக்கட்டும். நீ அத நெஞ்சுலயே குத்தி வெச்சுக்க."

"வேற எங்க குத்துவாங்க? தலைலயா?"

பின்சீட்டுக்காரர் சிரித்தார். ஹிதாயத்துல்லா சால்வையை மடித்தான், மறுபடி பிரித்தான்.

சொன்னால் மச்சினன் பிழைப்பான். ஆனால் அதே ராத்திரி ஜெய்னபுக்குத் தெரிந்துவிடும். அவளுக்கு இரண்டாம் மாதம். இவன் உடம்புக்குள் என்ன இருக்கிறது என்று அவள் கேட்பாள். சொல்லாவிட்டால்? ஹபிபுல்லா கெட்டிக்காரன். தானாகவே ஒரு டப்பாவைக் கண்டுபிடித்துக்கொள்வான்.

5

முடிவு எழுத வேண்டும்.

அ. ஆலப்பாக்கத்தில் பஸ் நிற்கிறது. சொல்லிவிடுகிறான். ஹபிபுல்லா கட்டிக்கொண்டு அழுகிறான். [படிக்க எனக்கே கூச்சமாக இருந்தது.]

ஆ. கடிதம் எழுதி அவன் பெட்டிக்குள் வைத்துவிடுகிறான். [ஹிதாயத்துல்லாவுக்குக் கையெழுத்து மட்டும்தான் போட வரும்.]

இ.

இதை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். நாலு நாளும் ஹிதாயத்துல்லா டப்பா விஷயத்தைச் சொல்லவில்லை. பிளாட்பாரத்தில் சொல்லிவிடுவதாகத் தீர்மானம் செய்திருந்தான். ஹபிபுல்லா ரயில் கதவோரம் நின்று, "மச்சான் எங்க, மச்சான் எங்க?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான். உங்கள் முடிவு எதுவானாலும் இதற்கு மட்டும் இடம் விட வேண்டும்: மெட்ராஸ் ரயில் கிளம்பியபோது ஹிதாயத்துல்லா ஸ்டேஷன் கக்கூஸில் இருந்தான்.