ஆலாக்களுக்கு ஒரு மைக்செட்

மாடி வீட்டுப் பறவைக்காரியைப் பற்றிச் சொல்வதற்கு முன் ஒன்று. நான் யாரையும் வேவு பார்க்கிறவள் இல்லை. மாடிப்படி என் சமையலறை ஜன்னலை உரசிக்கொண்டு போகிறது. யார் எதைத் தூக்கிக்கொண்டு ஏறினாலும் கண்ணில் பட்டுவிடுகிறது. அவ்வளவுதான்.

அப்படித்தான் அந்தக் கூடையும் கண்ணில் பட்டது. உள்ளே மரத்தில் செய்த பறவைகள். வெள்ளை உடம்பு, கறுப்புத் தொப்பி, மஞ்சள் மூக்கு.

"என்னம்மா, பொம்மைக் கடை வைக்கப் போறியா?"

"இது ஆலா, அக்கா. கடல் பறவை. இதுங்கள மணல்ல நட்டு வச்சா, மேல பறக்குற நிஜ ஆலா, 'அட, நம்ம ஆளுங்க இருக்காங்களே'ன்னு இறங்கும்."

ஆளைப் பார்த்து ஏமாறுவதில் பறவையும் நம்மைப் போலத்தான் போலிருக்கிறது.

கடல் பறவைகளை ஆராய்வது அவள் வேலை. வீட்டில் கல்யாணப் பேச்சை எடுத்தால், "முட்டையிடுற சீசன் முடியட்டும்" என்பாள். யார் முட்டை, எந்த சீசன் என்று கேட்கக் கூடாது. முகத்துவாரத்து மணல்திட்டில் முன்பெல்லாம் ஆலாக்கள் கூட்டங்கூட்டமாக முட்டையிட்டிருக்கின்றன. பைக்கும் தெருநாயும் போய்வந்ததில் அவை வேறு இடம் பார்த்துக்கொண்டன. இவள் வேலி போட்டாள், நாய்களை விரட்டினாள், குப்பை பொறுக்கினாள். ஒரு ஆலாவும் திரும்பவில்லை. நகராட்சித் தலைவருக்கோ அந்தத் திட்டின் மேல் ரொம்ப நாளாகவே ஒரு கண்.

"இந்த சீசன்ல ஒரே ஒரு முட்டை காட்டும்மா, நான் அந்தப் பக்கம் தலைவச்சுப் படுக்கல. இல்லன்னா அது கார் நிறுத்துற இடம்" என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. தட்டு சோறோடு அப்படியே கீழே கழுவ வருவதை நான்தான் பார்த்தேனே.

பொம்மை மட்டும் போதாதாம். ஆலாக் கூட்டம் போடும் கூச்சலையும் ஒலிபரப்ப வேண்டுமாம். அதற்கென்ன, அவளுடைய அக்கா புருஷன் மைக்செட்காரர். ஊரில் எந்த மேடையானாலும் அவர் ஒலிபெருக்கிக் குழாய்தான். மனுஷர் உப்பு கேட்டாலே அடுத்த தெருவில் எடுத்து வைப்பார்கள்.

"சின்னதா ஒரு ஸ்பீக்கர் போதும் மாமா."

"மச்சினி முதல் தடவையா வாயைத் திறந்து கேக்குற. சின்னதா போட்டா என் பேரு என்னாகுறது?"

மறுநாள் காலை ஊரே பதறி எழுந்தது. "ஹலோ, ஹலோ, மைக் டெஸ்டிங்..." அதைத் தொடர்ந்து ஆயிரம் கதவுக் கீல்கள் ஒன்றாகக் கிறீச்சிட்டது போல ஒரு சத்தம். என் பால் பொங்கி அடுப்பு அணைந்தது. என் பூனை ஜன்னலில் ஏறி உட்கார்ந்தது, இறங்கவே இல்லை.

பறவைக்காரி திட்டின் கடல் முனையில், புதருக்குப் பின்னால் ஒளிந்து உட்கார்ந்திருந்தாள். அங்கே சத்தம் முனகலாகத்தான் போயிருக்கிறது. இன்னும் கூட்டச் சொல்லி அவள் கை காட்டுவாள், அவர் கூட்டுவார். ஒரு வாரம் இப்படியே போனது. ஆலாக்கள் தொலைவில் பறந்தபடியே போய்விட்டன. எங்களுக்குத்தான் காது போனது.

கடைசியில் அவளுடைய அக்கா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு திட்டுக்குக் கிளம்பினாள். நானும் போனேன், ஒரு துணைக்கு.

"ஏங்க, குழாய் ஏன் ஊரைப் பாத்து இருக்கு?"

"பின்ன? ஜனங்க இருக்குற பக்கம்தானே வைக்கணும்? இத்தனை வருஷமா அப்படித்தானே வைக்கிறேன்?"

புதருக்குப் பின்னாலிருந்து ஓடி வந்த பறவைக்காரி தலையில் அடித்துக்கொண்டாள். "கேக்க வேண்டியவங்க கடல்ல இருக்காங்க மாமா!"

அவர் குழாயைப் பார்த்தார், கடலைப் பார்த்தார். ஆளே இல்லாத பக்கம் குழாயைத் திருப்புவது அவருக்குத் தொழில் துரோகம் போல இருந்திருக்கும். பொண்டாட்டி முறைத்த முறைப்பில் திருப்பினார். மச்சினி சத்தத்தையும் குறைத்தாள்.

அதற்குள் தலைவருக்குப் பொறுமை போய்விட்டது. வேலியைத் தள்ளிவிட்டு ஜீப்பை உள்ளே ஓட்டி, இடத்தை ஒரு சுற்று பார்த்துவிட்டுப் போனார். மணலில் ஆழமாக டயர்த் தடம். நானும் அவள் அக்காவும் ஓடிப்போனபோது பறவைக்காரி அதன் ஓரத்தில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். அழட்டும் என்று நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். நானும் மனுஷிதானே.

முகத்தைத் திருப்பியதால்தான் முதலில் எனக்குத் தெரிந்தது. கத்தரிக்கோல் வால், வாயில் துள்ளும் மீன். வட்டமடித்த ஆலா ஒரு மரப் பொம்மையின் முன்னால் இறங்கி, மீனை நீட்டியது. பொம்மை அசையவில்லை. ஆலா குனிந்து, நிமிர்ந்து, மறுபடி நீட்டியது.

"உன்னைப் பொண்ணு பாக்க வந்தவர்கிட்ட நீ இப்படித்தான்டி உக்காந்திருந்தே" என்றாள் அக்கா.

அழுதுகொண்டிருந்தவள் சிரித்துவிட்டாள். பிறகு இன்னொன்று இறங்கியது. இது நிஜப் பெண். மீன் போன இடம் தெரியவில்லை. வாரக் கடைசிக்குள் திட்டு முழுக்கச் சம்பந்தம் பேசும் வீடு போல ஆகிவிட்டது.

தலைவர் ஆட்களோடு, கார் நிறுத்தக் கோலமாவில் கோடு போட வந்தார். நாலு அடி வைப்பதற்குள் ஆலாக்கள் தலைக்கு நேராகப் பாய்ந்தன. ஒன்று அவர் வழுக்கையில் வெள்ளையாக முத்திரை குத்தியது. மைக்செட்காரர் அவரை ஓரமாக இழுத்து, கீழே காட்டினார். அவருடைய ஜீப் போட்ட டயர்த் தடத்தின் பள்ளத்தில், மணல் நிறத்தில் புள்ளி புள்ளியாக இரண்டு முட்டை.

"முதல் வண்டி வந்து நின்னுடுச்சு, சார்" என்றார் கிசுகிசுப்பாக. அவருக்குக் கிசுகிசுக்க வரும் என்பதே பொண்டாட்டிக்கு அன்றுதான் தெரியும்.

தலைவர் வழுக்கையைத் துடைத்தார். கூட வந்தவர்கள் சிரிப்பை அடக்கப் பட்ட பாட்டைப் பார்த்து, அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "நான் கேட்டது ஒண்ணு. இதுங்க ரெண்டா காட்டுதுங்க" என்று கோலமாவை ஆட்களிடமே திருப்பிக் கொடுத்தார். வேலியை அவர் செலவிலேயே சரி செய்தார். முட்டையோடு படம் எடுத்துக்கொண்டதையும் சொல்லியாக வேண்டும்.

இப்போது குஞ்சு பொரித்துவிட்டது. பறவைக்காரி தட்டை வழித்துச் சாப்பிடுகிறாள். நேற்று நான் எதிர் வீட்டுக்காரியிடம் இதையெல்லாம் சுவாரசியமாகச் சொல்லிக்கொண்டிருந்தபோது, மாடிப்படி இறங்கி வந்த மைக்செட்காரர் உதட்டில் விரல் வைத்தார்.

"மெதுவாக்கா. குஞ்சுங்க தூங்குது."

திட்டு இங்கிருந்து ஒரு பஸ் ஸ்டாப் தூரம். ஆனாலும் நான் குரலைத் தாழ்த்திக்கொண்டேன். எதிர் வீட்டுக்காரி கேட்பதற்காக இன்னும் கொஞ்சம் நெருங்கி வந்தாள்.