வடக்குச் சுவர்

எங்கள் கம்பெனியில் 'பசுமை' என்ற சொல்லை ஒரு நாளைக்கு நாற்பது தடவையாவது சொல்வார்கள். இப்போதெல்லாம் அதைக் கேட்டாலே எனக்குக் குமட்டுகிறது.

பதினேழு வருடம் குளிர்ப் பிரதேசத்து வீடுகளில் ஏறி இறங்கியவள் நான். எந்தச் சுவர் வழியாகச் சூடு ஒழுகுகிறது, எந்த ஜன்னல் இடுக்கில் காற்று புகுகிறது என்று கண்டுபிடித்துச் சொல்வது என் தொழில். முழங்கால் தேய்ந்த பிறகு கூரை ஏற முடியவில்லை. அப்போதுதான் இந்த வீடியோ கேம் கம்பெனி கூப்பிட்டது. பனி ஊரில் எரிபொருளை வீணாக்காத வீடு கட்டுவதுதான் கேம். கட்டிய வீட்டில் அப்பா, அம்மா, எட்டு மாதக் குழந்தை மூவரும் குடியிருப்பார்கள். நல்ல வீட்டுக்கு ஐந்து பச்சை இலை. வீட்டின் சூட்டுக் கணக்கை எழுதுவதும், கேமைத் திறந்ததும் வரும் மாதிரி வீட்டை வடிவமைப்பதும் என் வேலை. நாற்காலியில் உட்கார்ந்து சம்பளம். கசக்குமா?

அந்தச் சமயத்தில் என் தம்பியும் வீடு கட்ட இடம் வாங்கியிருந்தான், எங்கள் ஊரைவிடக் குளிர் அதிகமான ஊரில். "அக்கா, ஒரு பிளான் போட்டுக் குடேன்" என்று வாரம் தவறாமல் போன் செய்வான். "இந்த கேம் முடியட்டும்டா, மூச்சு விட நேரமில்ல" என்பேன். நாலு மாதம் இதையேதான் சொன்னேன்.

மாதிரி வீட்டைப் பார்த்துப் பார்த்துப் போட்டேன். சின்ன வீடு. வெயில் வரும் தெற்கில் பெரிய ஜன்னல்கள். வடக்கில் ஒரு முழக் கனத்துக்கு மரத்தூள் அடைத்த சுவர், அதில் ஒரே ஒரு குட்டி ஜன்னல். வாசலில் அடுத்தடுத்து இரண்டு கதவுகள், ஒன்றைச் சாத்திவிட்டு மற்றதைத் திறப்பதற்கு.

எங்கள் மேலாளர் எதைக் காட்டினாலும் முதலில் 'ஆஹா' என்பார். அதனால் அவருக்கு ஆஹா என்றே பேர் வைத்திருந்தோம்.

"ஆஹா! பிரமாதம் மேடம்," என்றார். "ஆனா பாக்கத் தீப்பெட்டி மாதிரி இருக்கே. பனிமலை வடக்குப் பக்கம்தானே? அந்தச் சுவர் முழுக்கக் கண்ணாடியாப் போட்டுடலாம். அங்க தொட்டில். குழந்தை மலையைப் பாக்குது. அதான் நம்ம முதல் காட்சி."

"வடக்குல வெயிலே வராது சார். அவ்வளவு கண்ணாடி வெச்சா உள்ள இருக்கிற சூடெல்லாம் வெளிய போயிடும். குழந்தை விறைச்சுப் போகும்."

"மேடம், இது கேம்தானே!"

கூரையில் புல் வேறு வளர்த்தார்கள். வருடத்தில் ஐந்து மாதம் இடுப்பளவு பனிக்குள் கிடக்கப் போகிற புல். கேட்டால் பசுமையாம். தலையில் அடித்துக்கொண்டேன்.

ஆனால் என் கணக்குக்கு ஜால்ரா போடத் தெரியாது. மைனஸ் இருபதில் ஓட்டிப் பார்த்தார்கள். தொட்டில் அறை ஒன்பது டிகிரிக்கு இறங்கியது. குழந்தை வெடவெடவென்று நடுங்கியது, உதடு நீலம் பாரித்தது, வீல் வீலென்று அழுதது. விளையாடிப் பார்க்க வந்தவர்கள் பத்து நிமிடத்தில் மூடிவிட்டுப் போனார்கள். எனக்கு உள்ளூரக் கொண்டாட்டம். அடி உதவுவது போல் அண்ணன் தம்பி உதவ மாட்டான், இனிமேல் சுவரை மாற்றித்தானே தீர வேண்டும் என்று நிம்மதியாக வீட்டுக்குப் போனேன்.

திங்கட்கிழமை வந்து திறந்தால் அதே கண்ணாடி. அதே மைனஸ் இருபது. தொட்டிலில் குழந்தை பொக்கை வாயைத் திறந்து சிரித்துக்கொண்டிருந்தது.

புரோகிராம் எழுதும் பெண்ணைக் கூப்பிட்டேன். "என்னம்மா இது?"

அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. "நடுக்கத்தையும் அழுகையையும் எடுத்துடச் சொன்னாங்கக்கா. ரூம்ல இருந்த தெர்மாமீட்டரையும் மறைச்சாச்சு. உள்ளுக்குள்ள ஒன்பது டிகிரிதான் ஓடுது."

"இலை?"

"அஞ்சுக்கு அஞ்சு."

சீ! முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேட்டிருக்கிறேன். இவர்கள் விறைக்கிற குழந்தையின் முகத்தில் சிரிப்பை ஒட்டி மறைத்திருந்தார்கள். முதல் திரையிலேயே, 'வீட்டை வடிவமைத்தவர், பதினேழு வருட அனுபவமுள்ள நிபுணர்' என்று என் பேரைப் போட்டிருந்தார்கள். நேராக ஆஹாவின் அறைக்குப் போய், "என் பேரை எடுத்துடுங்க" என்று கத்தினேன்.

"உங்க பேர் இருந்தாதானே மேடம் ஜனங்க நம்புவாங்க," என்றார் சிரித்துக்கொண்டே. "அடுத்த தடவை சுவரை மாத்திடலாம். இப்ப உங்க பேரைப் போடச் சம்மதம்னு இந்தத் தாள்ல ஒரு கையெழுத்துப் போட்டுடுங்க. இல்ல, பழைய வேலைக்கே போறதா இருந்தாலும் சரி, உங்க இஷ்டம்."

முழங்காலை நினைத்தேன். ஏணிகளை நினைத்தேன். கையெழுத்துப் போட்டேன். என் வீராப்பு அவ்வளவுதான். இரண்டு நாள் அந்தக் கையைப் பார்க்க எனக்கே பிடிக்கவில்லை. மூன்றாம் நாள் பழகிவிட்டது. ஆஹாவைவிட அந்த மூன்றாம் நாளை நினைத்தால்தான் எனக்கு அதிக அருவருப்பு.

பனி உருகும் சமயத்தில் கேம் வெளிவந்தது. தம்பி பிளான் கேட்பதை நிறுத்திவிட்டான். அவன் மனைவி அப்போது இரண்டு மாதக் கர்ப்பம். வேறு யாராவது பிளான் போட்டுக் கொடுத்திருப்பார்கள், விட்டது தொல்லை என்று நானும் இருந்துவிட்டேன்.

மறுபடி பனி விழ ஆரம்பித்த வாரம், மத்தியானம் போன் வந்தது.

"அக்கா, வீடு முடிஞ்சுது! உனக்குச் சொல்லாமலே வெச்சிருந்தேன். போட்டோ அனுப்பியிருக்கேன், பாரு. நீ போட்ட வீடுதான், அச்சு அசலா அப்படியே!"

படத்தைத் திறந்தேன். தரையிலிருந்து கூரைவரை கண்ணாடி. அதற்கு அந்தப் பக்கம் பனி. இந்தப் பக்கம், கண்ணாடியை ஒட்டித் தொட்டில்.

"இது எந்தப் பக்கம்டா?"

"வடக்குதான். மேஸ்திரி கூட முனகினாரு, 'இந்த ஊர்ல வடக்கால கண்ணாடியா, வேணாம் தம்பி'ன்னு. கேமைத் திறந்து உன் பேரைக் காட்டினேன். மனுஷன் கப்சிப். சாயங்காலம் ஆஸ்பத்திரிலேர்ந்து ரெண்டு பேரையும் கூட்டிட்டு வரேன். பொறந்து நாலு நாள்கூட ஆகல, அத்தை எப்ப வருவான்னு கேக்குது உன் மருமக."

"டேய், பாப்பாவை அந்த ரூம்ல படுக்க வைக்காதே."

"ஏன்? சோதிக்காம கட்டுறதுக்கு நான் என்ன கேனையனா? கேம்ல மைனஸ் இருபதுல பத்து நாள் விட்டுப் பாத்தேன். குழந்தை ஒரு தடவை கூட நடுங்கலையே."

"நடுங்குச்சுடா," என்றேன். "நடுங்குச்சு. நடுக்கத்தை எடுத்துட்டோம்."



"உன் பேர் போட்டிருந்துதேக்கா," என்றான் தம்பி.